எங்கே இல்லை?

பாச்சா உருண்டையின் நெடி மூக்கில் ஏறும்போது மற்றவர்களுக்குப் பட்டுச்சேலை நினைவுக்கு வரலாம். எனக்கு ஓர் இங்கிலாந்து நாவல்தான் நினைவுக்கு வரும். பதினான்கு வயதில், உயர்நிலை இரண்டில், ஆங்கில இலக்கியப் பாடத்துக்காக அப்பா பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிவந்த அந்தத் தடித்த புத்தகத்தை, முன்பு வைத்திருந்தவர் துணி அலமாரிக்குள் போட்டு வைத்திருந்தாரோ என்னவோ, ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் அந்த வெள்ளை உருண்டையின் காரமான மணம் எழும்பும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தி தும்முவாள். "கதை கேக்கறதுக்கு முன்னாடி மூக்குல காப்பு கட்டணும்போல" என்பாள்.

நாவலின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பெற்றோரில்லாத ஓர் ஏழைப் பெண் பெரிய வீடொன்றில் தங்கிக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறாள், வீட்டு முதலாளிக்கு அவள்மேல் பிரியம் வருகிறது, மாடியில் பூட்டிய அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்று மூன்று வரி சொன்னால் படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும், படிக்காதவர்களுக்கு இந்தக் கட்டுரைக்கு அது போதும். அப்படிப்பட்ட ஆசிரியைக்கு ஆங்கிலத்தில் 'கவர்னஸ்' என்று பெயர். நான் அந்தச் சொல்லை முதன்முதலாக வீட்டில் சொன்னபோது, பேருந்து ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா, "கவர்னரோட பொண்டாட்டியா?" என்று கேட்டார். "வீட்டோட தங்கிப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்குற டீச்சர்ப்பா" என்றேன். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அப்ப நம்ம மங்கைதான்!"

மங்கை சித்தி அம்மாவின் தங்கை. தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவள், புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் மூவறை வீட்டில் என் அறையில் தங்கியிருந்தாள். முப்பதைக் கடந்திருந்தாள், கல்யாணமாகவில்லை. அந்த ஆண்டு முடிவில் அவளுடைய வேலை அனுமதியைப் பள்ளி புதுப்பிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். டிசம்பரில் ஊர் திரும்பினால் அண்ணன் வீட்டில், அண்ணியின் கையை எதிர்பார்த்து இருக்க வேண்டும். இது எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசாத விஷயம். சோறு பரிமாறும்போது அம்மா விடும் பெருமூச்சில் மட்டும் இருந்தது.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தி வைக்கும் பழக்கம் அப்போதே உண்டு. இலக்கிய ஆசிரியை 'வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்' என்று தலைப்பிட்டு ஒரு தாள் கொடுத்திருந்தார்: அவர் நல்லவரா கெட்டவரா, அவள் ஏன் வீட்டைவிட்டுப் போனாள், போனவள் ஏன் திரும்பி வந்தாள், முடிவு மகிழ்ச்சியானதுதானா. அதைக் குளிர்பதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அத்தியாயத்தைத் தமிழில் சித்திக்குச் சொல்வேன். சொன்னால்தான் எனக்கும் புரிந்தது. சித்தியோ தாளில் இல்லாத கேள்விகளாகக் கேட்பாள். அவளுக்குச் சம்பளம் எப்படிக் கொடுத்தார்கள், அந்தக் குழந்தைக்கு அம்மா எங்கே, சமையல்காரிக்கு எல்லாம் தெரியுமென்றால் அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை.

இப்படிக் கதை பாதியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் சிவராஜின் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

சிவராஜ், சித்தியின் வகுப்பில் படித்த நேத்ரா என்ற ஐந்து வயதுப் பெண்ணின் அப்பா. பொங்கோலில் வீடு, துறைமுகத்தில் பொறியாளர். வேலைக்குப் போகும் வழியில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுச் சித்தியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாராம். அந்த இரண்டு வார்த்தை நாளடைவில் இருபதானதைச் சித்தி சொல்லாமலே நான் கண்டுபிடித்திருந்தேன், ஏனென்றால் பள்ளி நாட்களில் அவள் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தத் தொடங்கியிருந்தாள். அந்த அக்கா அம்மாவிடம் சொன்னது, ஒலிபெருக்கியில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது: "தம்பிக்கு உங்க தங்கச்சியப் புடிச்சிருக்குங்க. புள்ளையும் டீச்சர் டீச்சர்னு உசுர விடுது. தம்பி வைஃப் இப்ப இல்லங்க. உங்களுக்கு அது ஒரு குறையா தெரியலன்னா வந்து வீட்டப் பாருங்க."

"ஐயோ பாவம்" என்றாள் அம்மா. அந்தப் பக்கம் ஒரு விநாடி பேச்சில்லை. பிறகு "ஆமாங்க" என்று பதில் வந்தது.

அம்மாவுக்குக் கண்ணீரும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இரண்டாம் தாரம் என்று அப்பா லேசாக முனகியபோது, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க, இவங்க உண்மையச் சொல்லிட்டுல்ல கேக்கறாங்க" என்று அடக்கினாள்.  அடுத்த வாரம் பள்ளியில் நேத்ரா, "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க, எப்ப வருவாங்க டீச்சர்?" என்று கேட்டபோது, அந்தப் பிள்ளை காத்துக்கொண்டே இருக்கிறதே என்று சித்தி மனம் தாங்காமல், அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அம்மா சாமிகிட்ட இருக்காங்கடா" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லும்போது அவள் கண்கள் கலங்கியிருந்தன. இந்த ஒரு வாக்கியம் எங்களை எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொங்கோலுக்குப் புறப்பட்டோம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் மாற வேண்டும் என்பதால் அம்மா எல்லாரையும் மேலே கூட்டிக்கொண்டு போய், தேக்கா சந்தையில் மல்லிகைச் சரமும் பழமும் லட்டும் வாங்கினாள். மறுபடி ரயிலில் ஏறியதும் சித்தி என் காதருகே குனிந்து, "கயலு, நீ முன்னாடியே படிச்சு முடிச்சிட்டன்னு எனக்குத் தெரியும்டி. மாடியில யாரு?" என்றாள்.

"சொன்னா சப்புனு போயிடும் சித்தி."

"பரவால்ல, சொல்லு. மனசு படபடன்னு இருக்கு, எதையாவது கேட்டுக்கிட்டே போறேன்."

சொன்னேன். "அவரோட பொண்டாட்டி. புத்தி சரியில்லன்னு அடைச்சு வச்சிருக்காரு. கல்யாணத்தன்னிக்குத்தான் தெரிய வருது."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப வாய்ல வேற பேச்சே வராதா?" என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா, "வெள்ளைக்காரன் ஊர்லயும் இதே கதைதான் லா" என்று சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. கதவுகள் இரண்டு மூன்று முறை திறந்து மூடும்வரை கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பொம்பளைய யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றாள்.

"யாரை?"

"மாடியில இருக்கறவங்கள."

நான் யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய புத்தகத்தில் அவள் ஒரு வரிகூடப் பேசியதாக நினைவில்லை. என் கேள்வித்தாளிலும் அது இல்லை.

சிவராஜின் வீடு பதினோராவது மாடியில், கால்வாயைப் பார்த்தபடி, அடித்துத் துடைத்ததுபோல் இருந்தது. அவர் ஒல்லியான, மெதுவாகப் பேசும் மனிதர். எங்களைக் கும்பிட்டு உட்காரவைத்துவிட்டுத் தானே தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவரைக் கெட்டவர் என்று எந்தத் தாளிலும் என்னால் எழுதியிருக்க முடியாது. பேச்சையெல்லாம் அக்காதான் பார்த்துக்கொண்டார். பெரியவர்கள் ஊர், உறவு என்று பேசிக்கொண்டிருக்க, சித்தியின் கண்கள் மட்டும் சுவரிலேயே இருந்தன. பூசை அலமாரிக்கு மேலே சிவராஜின் காலமான அப்பாவின் படம், சந்தனமாலையும் சிறிய சிவப்பு விளக்குமாக மாட்டியிருந்தது. அந்த ஒரு படம்தான் இருந்தது.

இது எங்கள் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். போனவர்களுக்கு ஒரு படம், ஒரு மாலை, ஒரு விளக்கு. தாத்தாவுக்கு இருக்கும்போது, சிறுவயதில் போன மருமகளுக்கு இல்லாமல் போகாது. அம்மாவும் அதைக் கவனித்துவிட்டாள்; சித்தியின் காதில், "புள்ள பாத்து அழும்னு எடுத்து வச்சிருப்பாங்க" என்று கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது.

அந்த நேரத்தில் நேத்ரா என் கையைப் பிடித்து இழுத்தாள். தன் ஸ்கூட்டரைக் காட்ட வேண்டுமாம். அரசு கட்டும் புது வீவக அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் "பாம் ஷெல்ட்டர்" எங்கள் பழைய வீட்டில் கிடையாது. போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிய கான்கிரீட் அறையை எல்லாரும் சாமான் போடத்தான் வைத்திருப்பார்கள் என்றாலும், அதன் கனத்த இரும்புக் கதவை முதன்முதலாக அன்றுதான் தொட்டேன். இருவரும் சேர்ந்து இழுத்ததும் அது முனகிக்கொண்டு திறந்தது. உள்ளேயிருந்து பாச்சா உருண்டையின் நெடி கூடம்வரை பரவியது. சித்தி தும்மினாள்.

சிறிய ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள், கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாகத் தொங்கவிட்ட சுடிதார்கள், சேலைகள். திரும்பி வந்து உடுத்தப்போகிறவருக்கு வைப்பதுபோல் வைத்திருந்தார்கள்.

"இது எங்கம்மா டிரெஸ்" என்று நேத்ரா பெருமையாகச் சொன்னாள். பிறகு, நெடுநாளாக விடை தெரியாத ஒன்றைக் கேட்பதுபோல், கூடத்தைப் பார்த்துத் தெளிவான குரலில், "டீச்சர், சாமிகிட்டேர்ந்து போன் பண்ண முடியுமா? அம்மா நேத்து எனக்குப் போன் பண்ணாங்க" என்றாள்.

 அக்கா, "புள்ள ஏதோ உளறுது" என்று எழுந்து வந்து அவளைத் தூக்கப் போனார். சித்தி கையிலிருந்த கோப்பையை மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தம் கேட்கவேயில்லை. அம்மாவின் கால் மேசைக்கடியில் அவள் காலை அழுத்துவதை நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க முடிந்தது.

"அவங்க இப்ப இல்லன்னு சொன்னீங்க" என்றாள் சித்தி, அக்காவைப் பார்க்காமல் நேராக சிவராஜைப் பார்த்து. "எங்க இல்ல?"

"என்னம்மா கேள்வி இது?" என்றார் அக்கா.

"சும்மா இரு, அக்கா" என்றார் சிவராஜ். தரையைப் பார்த்தபடி, "இந்த வீட்ல இல்ல, டீச்சர்" என்றார். "பிடோக்ல, அவங்க அம்மா வீட்ல இருக்காங்க. புள்ள பொறந்ததுலேர்ந்து அவங்களுக்கு மனசு சரியில்ல. டிவோர்ஸ் கேஸ் போட்டிருக்கு. சீக்கிரம் முடிஞ்சிரும்."

"நாங்க ஒண்ணும் பொய் சொல்லலியே" என்று அக்கா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இல்லன்னுதானே சொன்னோம். நீங்களா அப்படி எடுத்துக்கிட்டா நாங்க என்ன செய்யறது?"

"ஏங்க, இல்லன்னா உலகத்துல எவனும் அப்படித்தான் லா எடுத்துக்குவான்" என்றார் அப்பா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது மிக அரிது.

சித்தி இன்னும் சிவராஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப் பத்தி அவங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னாலும் புரியாது, டீச்சர்."

அந்த வாக்கியத்தை அவர் கடுமையாகச் சொல்லவில்லை. களைப்போடு, கொஞ்சம் கருணையோடுகூடச் சொன்னார். ஆனால் சித்தியின் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று அணைந்ததை நான் பார்த்தேன். "இப்ப நேத்ராவோட டீச்சரா கேக்கறேன்" என்றாள். "அவங்க பேரும் நம்பரும் குடுங்க." அப்போதுதான் உறைத்தது, அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. சிவராஜ் தன் கைபேசியை எடுத்தார். பிறகு, "சுகன்யா" என்று சொல்லி எண்ணையும் சொன்னார்.

திரும்பும்போது இலகு ரயிலிலேயே அம்மா தொடங்கிவிட்டாள். கேஸ் முடிந்தால் சட்டப்படி எல்லாம் சரியாகிவிடும், மனிதர் குடிக்கிறாரா அடிக்கிறாரா, டிசம்பரில் ஊருக்குப் போய் அண்ணி வாயில் விழப்போகிறாயா, பொறுத்தார் பூமி ஆள்வார். சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, நான் அந்தப் புள்ளையோட அம்மாவக் கொன்னுட்டேன்க்கா" என்றாள். மல்லிகைச் சரம் வாடாமல் அவள் தலையில் இருந்தது. 

அந்த வாரம் சித்தி சுகன்யாவை அழைத்தாள். எங்கள் அறையில், கட்டிலில், நான் பக்கத்தில் இருந்தேன். அவள் ஒலிபெருக்கியைப் போட்டுக் கைபேசியைத் தலையணைமேல் வைத்திருந்தாள். தன்னை யாரென்று சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து மெதுவான, சற்று இழுத்துப் பேசும் குரல் வந்தது.

"ஓ. என்னை சாமிகிட்ட அனுப்பி வச்ச டீச்சர் நீங்கதானா?"

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிருங்க. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"பரவால்லங்க. பிடோக்கும் அப்படித்தான், யாரும் பஸ் ஏறி வர மாட்டாங்க." ஒரு சிறு சிரிப்பு. "உங்களத்தான் அவரு கட்டிக்கப் போறாராமே? நேத்ரா எல்லாம் சொல்லுவா. அவளுக்குத் தெரியாம அந்த வீட்ல எதுவும் நடக்காது."

சொன்னால் புரியாதவர் என்று சொல்லப்பட்டவருக்கு எங்களுக்கு முன்பே எல்லாம் புரிந்திருந்தது. அன்று சித்தி கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பள்ளியின் ஆண்டிறுதி விழா அடுத்த மாதம், நேத்ரா தவளையாக ஆடுகிறாள், பெற்றோர் எல்லாரையும் அழைக்கிறோம், உங்களையும் அழைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

"நல்ல நாளா இருந்தா வர்றேன் டீச்சர்" என்றார் சுகன்யா. "எனக்கு எல்லா நாளும் நல்ல நாளா இருக்காது."

விழாவன்று உதவிக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தாள் சித்தி. நாற்காலிகளின் கடைசி வரிசையில், கதவை ஒட்டி ஓர் இடத்தைத் துண்டு போட்டுப் பிடித்து வைக்கச் சொன்னாள். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது" என்று சொல்வது என் வேலை. முதல் வரிசையில் சிவராஜும் அக்காவும் வந்து உட்கார்ந்தார்கள். சித்தி அவரிடம் முன்பே தொலைபேசியில் கல்யாணத்துக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டிருந்தாள். இருவரும் தூரத்திலிருந்து தலையசைத்துக்கொண்டார்கள். சுகன்யாவை அழைத்திருப்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. "அவ வர மாட்டா டீச்சர்" என்றாராம். பட்டாம்பூச்சிகள் ஆடி முடித்தன, மீன்கள் முடித்தன. "ஆள் வருது, ஆள் வருது" என்று சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை போயிருந்தது. சித்தி மேடையின் ஓரத்திலிருந்து நிமிடத்துக்கொரு முறை என்னைப் பார்ப்பாள், நான் உதட்டைப் பிதுக்குவேன்.

தவளைகள் மேடையேறிய பிறகுதான் கதவு திறந்தது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட, வெளுத்த நீலச் சுடிதார் போட்ட ஒருவர், தன் அம்மாவின் முழங்கையைப் பிடித்தபடி நின்றார். அவர் கேட்பதற்கு முன்பே நான் துண்டை எடுத்துவிட்டேன். அவர் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் பச்சைத் தொப்பியோடு தத்திக்கொண்டிருந்த நேத்ரா பாதித் தத்தலில் நின்றாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி, மண்டபம் முழுவதும் கேட்கும்படி கத்தினாள்:

"அம்மா சாமிகிட்டேர்ந்து வந்துட்டாங்க!"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. குழந்தை ஏதோ வசனம் சொல்கிறது என்று நினைத்திருப்பார்கள். சிவராஜ் திரும்பிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். சித்தி மேடையோரத்தில் தூணைப் பிடித்தபடி, முகத்தை மறைக்காமல் அழுதாள்.

டிசம்பரில் சித்தி ஊருக்குப் போய்விட்டாள். விமான நிலையத்தில் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "கைக்கு வந்தத விட்டுட்டியேடி" என்றாள். சித்தி, "கைக்கு வந்தது இன்னொருத்தி வீடுக்கா" என்றாள். அண்ணி வீட்டில் அவள் அதிக நாள் இருக்கவில்லை. தஞ்சாவூரில் வாடகைக்கு இரண்டு அறை எடுத்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது அவளுக்கு எளிதாக இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. சிவராஜும் சுகன்யாவும் சேர்ந்தார்களா, பிரிந்தார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. நல்ல நாட்களில் நேத்ராவைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக சுகன்யாவும் வந்தார் என்பதுவரைதான் சித்திக்குத் தெரியும்.

இப்போது நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு தகவல் இல்லை என்று கணினி காட்டினால், அது எப்போதுமே இருந்ததில்லையா, இருந்து அழிக்கப்பட்டதா, வேறிடத்தில் இருந்தும் நாம் தேடவில்லையா என்று தனித்தனியாகப் பார்க்காமல் விடமாட்டேன். உடன் வேலை செய்பவர்கள் என்னைக் கறார் பேர்வழி என்பார்கள். இதை எந்தக் கல்லூரியில் கற்றுக்கொண்டேன் என்று அவர்களுக்குச் சொன்னதில்லை. வீட்டில்கூட, அம்மாவைத் தேடி யாராவது வந்தால் "அம்மா இல்லை" என்று மொட்டையாகச் சொல்ல எனக்கு நாக்கு வராது. "மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க" என்று சேர்த்துவிடுவேன்.

ஃபேரர் பார்க்கில் அந்தப் பாலர் பள்ளி இருந்த இடத்தில் இன்று வேறு கடை. குளிர்பதனப் பெட்டி மாறியபோது கேள்வித்தாளும் போயிற்று. நாங்களும் பொங்கோலுக்குக் குடிவந்துவிட்டோம், எங்கள் வீட்டிலும் இப்போது ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. அம்மா அதற்குள் அரிசி மூட்டையும் பெரிய பாத்திரங்களும் வைத்திருக்கிறாள். அந்துருண்டை மட்டும் போட விடுவதில்லை நான்.

சென்ற மாதம் ஏதோ நினைப்பில் அந்த நாவலைத் தேடி அலமாரி முழுவதும் கலைத்தேன். கிடைக்கவில்லை. சித்தியை அழைத்து, "அந்தப் புக் இல்ல சித்தி" என்றேன்.

"எங்க இல்ல?" என்றாள் உடனே. இருவரும் சிரித்தோம். பிறகு அவள் பக்கம் தாள் புரளும் சத்தமும் தும்மல் ஒன்றும் கேட்டன.